யாரும் போய்ப் பார்க்காத ஊரை அழிப்பது சுலபம்



நீளமான பதிவு. மூன்று நாளாக மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருந்ததை இன்று உட்கார்ந்து எழுதிவிட்டேன். வகுப்பில் 33 வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள். இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் படித்து இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் குடும்பத்தோடு இத்தாலி போய் வந்தான். பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும். எல்லோரும் போகிற ரோம், வெனிஸ் பக்கம் அவன் போகவில்லை. நேப்பிள்ஸுக்குத் தெற்கே சிலெண்டோ என்று ஒரு வட்டாரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை, நடுவில் ஆலிவ் தோப்பு, அத்தி மரம், எருமை மாடு. ஒரு விவசாயி வீட்டிலேயே நான்கு நாள் தங்கியிருக்கிறான். பிள்ளைகள் தக்காளி பறிக்கிற படம், பாட்டி ஒருத்தி மாவு பிசைகிற படம், படகிலிருந்து நெத்திலி இறக்குகிற படம் எல்லாம் போட்டிருந்தான். அழகான படங்கள். நானும் விருப்பக்குறி போட்டேன்.

அதன் கீழே அவன் எழுதியிருந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "வயலும் கடலும் இப்படிப் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஊர் நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்லையே சார்!"

உடனே நம் பழைய மாணவர்கள் வரிசையாக வந்து "ஆமாம்டா", "உண்மைடா" என்று எழுதினார்கள். அடுத்து என் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். "எல்லாம் வெளிநாட்டு மோகம். நம்ம நாட்டுல இல்லாததா?" என்று ஒரு போடு போட்டார். அவருக்கும் நாற்பது பேர் கைதட்டினார்கள்.

இரண்டு கட்சிக்கும் சொல்கிறேன். இரண்டு பேரும் தப்பு.

முதலில் தம்பிக்கு. நீ படித்த பள்ளி இருக்கிறதே, அது இருக்கிற மாவட்டத்துக்கே கடற்கரை உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நாம் இருக்கிறோம். ஆந்திர எல்லை, மலை, நிலக்கடலை, விசைத்தறி. அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு இருக்கிறது. ஏரி, கடல், மீன், இறால். நடுவே பொன்னேரிப் பக்கம் நெல் வயல். நீ ஐரோப்பாவில் தேடிப்போய்ப் பார்த்த அந்த 'வயலும் கடலும்' உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுதியிருக்கிற மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. உப்பு நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது பழவேற்காடு ஏரிதான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம்மிடம்.

'சில்கா ஏரி எந்த மாநிலத்தில் உள்ளது?' என்று உங்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒரு மதிப்பெண் கேள்வி. பழவேற்காட்டைப் பற்றி ஒரு முறையாவது கேட்டேனா? இல்லை. சுற்றுலா என்று மாமல்லபுரம் அழைத்துப் போனேன், ஊட்டி அழைத்துப் போனேன். 33 வருஷத்தில் ஒரு வகுப்பைக்கூட பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகவில்லை. ஆக, இந்தப் பதிவில் முதல் குற்றவாளி நான்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பு. "சார், நம்ம பள்ளிப்பட்டு ஆறு எங்க போயி சேருது?" என்று கேட்டாள். "கடல்லதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். எந்தக் கடல், எந்த இடம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கே அது படமாகத் தெரியாது. பெயர்தான் தெரியும்.

இப்போது சொல்கிறேன், அவள் எங்கிருந்தாலும் படிக்கட்டும். சித்தூர் பக்கத்து மலைகளிலிருந்து வருகிற கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியாக இறங்குகிறது. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் நின்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. மிச்சம் எண்ணூர் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி, அதற்கும் வடக்கே பழவேற்காடு. அங்கே ஆரணி ஆறு வந்து ஏரியில் சேருகிறது. 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கம் அணை திறந்து பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்கினதே, அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் அந்தக் கழிமுகம்தான். நம் வாசல் வெள்ளம் அவர்கள் வீட்டுக் கொல்லைக்குப் போகிறது. நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

போன தை மாதம் நானும் வீட்டுக்கார அம்மாவும் போனோம். திருத்தணி வந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரி, அப்புறம் பஸ். சொந்த மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக சென்னை வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. காலை கிளம்பியவர்கள் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

படகுத்துறை அருகே ஓர் அம்மா மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருங்க ஐயா?"

"ஆர்.கே.பேட்டைம்மா."

"அது ஆந்திராவா?"

"இல்லம்மா, உங்க மாவட்டம்தான். திருத்தணி மலைக்கு அந்தப் பக்கம்."

"எங்க மாவட்டத்துல மலைகூட இருக்கா?" என்று சிரித்தார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் அவர்களைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோமோ, அவ்வளவுதான் அவர்களும் எங்களைப் பற்றி.

"இங்க நெறைய பேரு வருவாங்களாம்மா?" என்று கேட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ராக்கெட்டு விடற அன்னிக்கி வருவாங்க ஐயா. மேல அண்ணாந்து பாப்பாங்க. போயிடுவாங்க."

இந்த ஒரு பதிலுக்குள் நம் சுற்றுலா முழுக்க அடங்கிவிட்டது.

அண்ணாந்து பார்க்காமல் சுற்றிலும் பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது? 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் வந்த துறை. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறை காக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் வாசலில் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கி நிற்கின்றன. இந்தத் துறையிலிருந்து துணி போனது. பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா ஆலயம், பள்ளிவாசல்கள் எல்லாம் ஒரே ஊருக்குள் நடந்தே பார்க்கலாம். முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் அவ்வளவு நேர்த்தி. பனி மாதங்களில் பூநாரைக் கூட்டம் வந்து இறங்கும். நம் பக்கத்து ஏரி 1980லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊர் நெசவாளிகளுக்காக ஒன்று. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அந்தப் 'பெலிக்காட்' வேறு எதுவும் இல்லை, வெள்ளைக்காரன் 'புலிக்காட்' என்று சொன்ன நம் பழவேற்காடுதான். அந்தத் துறையில் கப்பலேறிய துணிக்கு அந்தத் துறையின் பெயரே நிலைத்துவிட்டது. ஆர்.கே.பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் இன்றைக்கும் லுங்கி நெய்கிறோம். கோலாலம்பூரில் ஒரு கிழவருக்குத் தெரிந்த ஊர்ப்பெயர், அதே மாவட்டத்தில் தறி ஓட்டுகிற நமக்குத் தெரியவில்லை.

'இல்லை' என்கிற பேச்சுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அடுத்து 'நம்ம நாட்டுல இல்லாததா' கட்சிக்கு வருகிறேன்.

இருக்கிறது ஐயா. இருப்பதை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. நீங்கள் எத்தனை முறை பழவேற்காடு போயிருக்கிறீர்கள்? பொன்னேரிவரையாவது? போகாதவருக்கு 'நம்ம நாடு' என்று பெருமை பேச என்ன உரிமை இருக்கிறது? போய்ப் பார்த்தவன் பேச்சுக்கு எடை உண்டு. அவன் பார்த்தது இத்தாலியாகவே இருந்தாலும் சரி.

தம்பியின் படங்களைப் பார்த்த பிறகு நான் அந்த சிலெண்டோவைப் பற்றித் தேடிப் படித்தேன். அது சொர்க்கமாகப் பிறந்த பூமி ஒன்றும் இல்லை. வறுமையால் ஆட்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறிப் போன பிரதேசம். இன்று அதற்குப் பெயர் வந்திருக்கிறது என்றால் காரணம் இருக்கிறது.

முதல் காரணம், சட்டம். இத்தாலியில் 1985இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2006இல் அதைத் திருத்தி எழுதினார்கள். விவசாயி தன் பண்ணையில் விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம், சாப்பாடு போடலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். பரிமாறுவதில் கணிசமான பங்கு சொந்த நிலத்திலும் அந்த வட்டாரத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும். நிலத்தை விற்றுவிட்டு ஓட்டல் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. சுற்றுலாப் பணம் ஏர் பிடிக்கிறவன் கைக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கம் எப்படி? கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். மீனவனும் விவசாயியும் நிலத்தை விற்றான். அங்கே ரிசார்ட் வந்தது. நிலத்தை விற்றவன் மகன் அதே இடத்து வாசலில் வாட்ச்மேன். உள்ளே பரிமாறும் மீன் எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வருகிறது. இதைத்தான் நாம் சுற்றுலா வளர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறோம்.

இரண்டாவது காரணம், சாப்பாட்டுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை. தம்பி படம் போட்ட நெத்திலி இருக்கிறதே, அங்கே 'மெனாயிகா' என்று ஒரு பழைய வலை. அந்த வலையில் பிடித்த நெத்திலிக்கு அந்த வலையின் பெயரே வைத்து விற்கிறார்கள். ஒரு கிராமத்துக் கொண்டைக்கடலைக்கு அந்தக் கிராமத்தின் பெயர். வெள்ளை அத்திப்பழத்துக்கு அந்த வட்டாரத்தின் பெயர். எருமைப் பாலில் செய்யும் பாலாடைக்கட்டிக்காக ஊர் ஊராக ஆள் வருகிறார்கள். நம் ஊரிலும் எருமை இருக்கிறது, பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறோம். அந்தக் கடலோரத்து ஏழைகளின் சாப்பாட்டைத்தான் அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் அங்கேயே பியோப்பி என்ற மீனவ ஊரில் பல வருஷம் வாழ்ந்து ஆராய்ந்தார். 2010இல் மத்தியதரைக்கடல் உணவு முறையை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. நெத்திலியும் கொண்டைக்கடலையும் ரொட்டியும்தான் அது, ராஜ விருந்து இல்லை.

பழவேற்காட்டில்? பச்சை நண்டை உயிரோடு கட்டி ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். நல்ல இறாலும் வெளியே போய்விடுகிறது. நாங்கள் போன அன்று பஸ் நிலையம் பக்கம் சாப்பிடக் கேட்டால் பரோட்டாவும் சிக்கன் ரைஸும் கிடைத்தது. கடைசியில் அந்த மீன் கழுவிய அம்மாதான் "வீட்டுல கொழம்பு இருக்கு, ரெண்டு பேருக்குப் போதும், வாங்க" என்று கூப்பிட்டார். மடவைக் குழம்பு. காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தோம். உண்மையில் அதுதான் சுற்றுலா. அதை ஒரு தொழிலாக, மானத்தோடு, அந்த அம்மா நடத்துவதற்கு என்ன வழி செய்து வைத்திருக்கிறோம்?

ஒரு வழியும் செய்யவில்லை. நாம் செய்தது ஒன்றுதான், தடை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, முகத்துவாரம் பக்கம் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை கிடையாது, அளவுக்கு மேல் ஆள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. அந்த நேரத்தில் தடை சரிதான், நானே ஆதரித்திருப்பேன். ஆனால் இத்தனை வருஷம் ஆன பிறகும் தடை மட்டுமே நிர்வாகமா? பயிற்சி கொடு, உரிமம் கொடு, ஆளுக்கு ஓர் உயிர்காப்பு உடை கொடு, எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதிவை, முகத்துவாரம் பக்கம் போகாதே என்று எல்லை போடு. வகுப்பில் இரண்டு பையன்கள் சண்டை போட்டால் விளையாட்டு நேரத்தையே ரத்து செய்யும் வாத்தியார் உண்டு. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அது ஒழுங்கு இல்லை, சோம்பேறித்தனம்.

சரி சார், ஒரு ஊருக்குச் சுற்றுலா வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில், எந்தக் குப்பத்தில், யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் எனக்கு என்றால் நாளை உனக்கு. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அதில் குறை இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட சமூகத்துக்கு மட்டும் என்று வைத்திருப்பதால், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அதையும் பேசித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒரு பொதுச் சொத்தைச் சண்டை இல்லாமல் எப்படிப் பங்கிடுவது என்று தேடி உலகமெல்லாம் ஆராய்ச்சி செய்கிறார்கள். அதன் உயிருள்ள பாடம் நம் மாவட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. குடிமையியல் வாத்தியாரான நான் உள்ளாட்சி பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த ஏரிக்கும் எண்ணூருக்கும் நடுவே என்ன நடக்கிறது? எண்ணூர் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகம் கறுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது நம் பள்ளிப்பட்டு ஆறு போய்ச் சேருகிற இடம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது? எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. மீஞ்சூர் பக்கம் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் நீர் உள்ளே ஏறிக் கிணறுகள் உப்பாகிவிட்டன. அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம். மீனவர்கள் வருஷக்கணக்கில் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மெல்லிய மணல் வரப்பு மாதிரி இருக்கிற நிலம் அது. அதைத் தொட்டால் ஏரியும் போகும், வயலும் போகும் என்பது அவர்கள் பயம்.

இதைப் பற்றி நம் பேட்டையில் ஒரு டீக்கடையிலாவது பேச்சு உண்டா? கிடையாது. ஏன்? நாம் அந்த ஊரைப் பார்த்ததில்லை. பார்க்காத ஊர் நமக்கு வரைபடத்தில் வெறும் நீலமும் மஞ்சளும்தான். கோப்பில் 'தரிசு நிலம்', 'நீர்ப்பரப்பு' என்று இரண்டு வார்த்தை எழுதினால் வேலை முடிந்துவிடும். அங்கே மடவைக் குழம்பு சாப்பிட்டவன் அந்த இரண்டு வார்த்தையை நம்ப மாட்டான். "இல்லையே, அங்க ஒரு அம்மா இருக்காங்களே, பாடு முறை இருக்கே, பனை ஓலை பின்றாங்களே" என்று நாலு பேர் முன்னால் கேட்பான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். யாரும் போய்ப் பார்க்காத ஊரை அழிப்பது சுலபம். நாலு பேர் போய்ப் பழகி, உட்கார்ந்து சாப்பிட்டு, பெயர் தெரிந்து வைத்திருக்கிற ஊரை அழிப்பது கஷ்டம்.

சிலெண்டோவையும் சும்மா விட்டு வைக்கவில்லை தம்பி. நீ போன அந்தக் கடலோரத்தில் பொல்லிகா என்ற சின்ன ஊர். அதன் மேயர் ஆஞ்செலோ வஸ்ஸாலோ. மீனவராக இருந்து மேயரானவர். கடலையும் கரையையும் காப்பாற்றப் பிடிவாதமாக நின்றவர். 2010 செப்டம்பர் 5ஆம் தேதி இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நீ படம் எடுத்த நீலத் தண்ணீருக்கு அங்கே ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். அழகான ஊர் தானாக அழகாக இருப்பதில்லை. யாரோ காவல் நிற்கிறார்கள். நம் ஊருக்கு யார் நிற்பது?

இரண்டு ஆட்சேபணை வரும் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

'சார், ஆட்கள் போனால் ஊர் நாறிவிடும். பாட்டிலும் பிளாஸ்டிக்கும்தான் மிச்சம்.' உண்மை. எங்கே போனாலும் நாம் அப்படித்தான் செய்கிறோம். அதனால்தான் போகிற முறை முக்கியம் என்கிறேன். ஆயிரம் பேர் ஒரு நாள் போய்க் குப்பை போடுவதைவிட, இருபது பேர் போய் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வாங்கி, வாயைத் திறந்து விசாரித்துவிட்டு வருவது மேல்.

'சார், துறைமுகம், ஆலை வந்தால் வேலை வரும். நீங்க பென்ஷன்ல இருக்கீங்க, பேசறீங்க.' இதைக் கேட்டவன் என் மாணவன்தான். அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் சொல்வதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். வேலை வேண்டும். ஆனால் தம்பி, உனக்குக் கிடைத்த வேலையைக் கணக்கில் எழுதுகிறார்கள். அந்த ஏரியில் இறால் தடவும் பெண்ணின் வேலை போனால் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. இரண்டு பத்தியையும் எழுதிவிட்டுக் கூட்டிக் கழிக்கட்டும். அதற்குப் பிறகு பேசலாம். ஒரு பத்தியை மட்டும் எழுதினால் என் வகுப்பில் சுழிதான் போட்டிருப்பேன்.

ஜெர்மனித் தம்பிக்குக் கடைசியாக ஒன்று. இத்தாலிக்குப் போனது தப்பே இல்லை. இன்னும் போ. விவசாயி வீட்டில் காசு கொடுத்துத் தங்கி, தக்காளி பறித்து, அந்தப் பாட்டியோடு பேசினாயே, அதுதான் சரியான ஊர் சுற்றல். அங்கே உனக்கு வந்த அந்த மரியாதை நிலக்கடலைக் காட்டில் நிற்கிற உன் அப்பாவைப் பார்க்கும்போதும் வரட்டும். குத்திக்காட்டச் சொல்லவில்லை. உன் பிள்ளைகளுக்கு அடுத்த லீவில் தாத்தாவின் கொல்லையில் கடலைக்காய் பறிக்கத் தெரியட்டும். மறுநாள் பழவேற்காட்டில் பூநாரை பார்க்கட்டும். ஒரே மாவட்டம். விசா வேண்டாம்.

இந்தத் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லைக்கோட்டுக்காகச் சிறைக்குப் போன ஊர்க்காரர்கள் நாம். எல்லைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க மட்டும் நமக்கு நேரமில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். வருகிற தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேன் பேசிப் பழவேற்காடு போகிறேன். 33 வருஷத்தில் நடத்தாமல் விட்ட கல்விச் சுற்றுலா இது. இருபது பேருக்கு இடம். மாணவர்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் யாரும் வரலாம். நிபந்தனைகள் உண்டு. கட்டுச்சோறு கிடையாது, அங்கே சமைத்துக் கொடுப்பவர்களிடம் காசு கொடுத்துத்தான் சாப்பாடு. ஆளுக்கு ஒரு ஓலைப் பெட்டியாவது வாங்க வேண்டும். தடை இருக்கும்வரை படகு கேட்கக் கூடாது. பாட்டில் எடுத்து வருபவரை பொன்னேரியிலேயே இறக்கிவிடுவேன். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் அங்கே சந்தித்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நான்தான் திருத்துவேன்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண், இப்போது உனக்கு நாற்பது வயது இருக்கும். உனக்கு முன் சீட்டு ஒதுக்கியிருக்கிறேன் அம்மா. வழியில் எண்ணூரில் இறங்கி நம் ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டுகிறேன்.

வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். திட்டுகிறவர்களும் கீழேயே திட்டுங்கள். தனியாக போன் செய்து திட்ட வேண்டாம், மதியம் நான் தூங்குவேன்.

உங்கள்
வாத்தியார்,
ஆர்.கே.பேட்டை.